மண்ணுக்கு இறங்கிய பச்சோந்தி

மசினகுடியில் எங்கள் வேலியோரம் காலையில் ஒரு பச்சோந்தி தரையில் நடந்துகொண்டிருந்தது. வயிறு புடைத்து, உள்ளே முட்டைகள் மேடுமேடாகத் தெரிந்தன.

முன்காலால் கீறியது. காய்ந்த மண், சரிந்து மூடிக்கொண்டது. தள்ளிப்போய் மறுபடி கீறியது.

ஈரம் இருந்தால்தான் குழி நிற்கும். தோதான இடம் அமையாமல் முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் தாய் செத்துப்போகவும் கூடும்.

பச்சோந்தியைப் பிடித்து வளர்க்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. அதுவும் சரிதான். கொய்யா மரத்தடியைக் கொத்தி, மணல் கலந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்குத் தண்ணீர் தெளித்தேன். நாயைக் கட்டிப்போட்டேன்.

மதியம் பார்த்தால் பாதி உடம்பு மண்ணுக்குள்! பின்னங்கால் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

வாசல், கொல்லை எல்லாம் சிமெண்ட் பூசிக்கொண்டே போகிறோம். இதுகள் எங்கே போய்த் தோண்டும்?

குஞ்சு பொரிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மரத்தடியில் மண்வெட்டி படக்கூடாதென்று பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லியாயிற்று.