பல் முளைப்பதால் வருகிற காய்ச்சலா?

குழந்தைகள் நலப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் பழகிய வாக்கியம் ஒன்று உண்டு: “பல்லு மொளைக்குது டாக்டர், அதான் காய்ச்சல்.” அது கேள்வியாக வராது, முடிவாகவே வரும்.

அது சரியில்லை, ஆனாலும் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. முதல் பல் பெரும்பாலும் 6 மாதத்தை ஒட்டி வெளியே வரும். மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் முளைத்துவிடும். இடைப்பட்ட காலத்தில் எப்போதும் ஏதோ ஒரு பல் ஈறுக்குள் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். எந்தக் காய்ச்சலையும் அதோடு சேர்த்துவிடலாம். கர்ப்பத்தில் அம்மாவிடமிருந்து வந்த, கிருமிகளோடு போராடும் எதிர்ப்பொருள்கள் குறைவதும் அதே மாதங்களில்தான். குழந்தை தவழ ஆரம்பித்து, கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் நேரமும் அதுவே. கிருமி உள்ளே போக வேறு என்ன வேண்டும்?

ஒருமுறை பாட்டி ஒருவர் பேரக்குழந்தையைத் தூக்கி வந்தார். மூன்று நாளாகக் காய்ச்சல், வாயில் எச்சில் ஒழுகுகிறது, எதையும் குடிக்க மாட்டேன் என்கிறது. பல் வருகிறது என்று வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. உதட்டின் உட்புறத்திலும் நாக்கிலும் சின்னச் சின்னப் புண்கள். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஹெர்ப்பிஸ் வைரஸ் முதன்முதலாகத் தாக்கும்போது வாய் இப்படித்தான் இருக்கும். பல் முளைக்கும் வயதிலேயே வருவதால் எளிதில் ஏமாற்றிவிடும். குழந்தை சிறுநீர் கழித்து வெகுநேரம் ஆகியிருந்தது, உடலில் நீர் வற்றுவதன் அறிகுறி அது. உடனே அட்மிட் செய்தோம்.

“என் புள்ளைங்க எல்லாத்துக்கும் பல்லு வரப்ப காய்ச்சல் வந்துச்சே டாக்டர்” என்றார் பாட்டி.

“வந்திருக்கும்மா. காய்ச்சலும் வந்திருக்கும், பல்லும் வந்திருக்கும். பல்லால காய்ச்சல் வரல.”

இதை முறையாகவே பார்த்திருக்கிறார்கள். 2000-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் இரண்டு வேளை உடல் வெப்பத்தையும் மற்ற தொந்தரவுகளையும் எழுதி வைத்தார்கள். பல் வெளிவரும் நாளை ஒட்டி எச்சில், கடிக்கும் ஆசை, சிணுங்கல், உணவில் நாட்டக்குறைவு, லேசான சூடு எல்லாம் கூடின. அதிகக் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவை கூடவில்லை.

முன்பு இந்த நம்பிக்கை உயிரோடு விளையாடியிருக்கிறது. 1839-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடுகளில் 5,016 மரணங்களுக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்று எழுதப்பட்டது. ஈறைக் கீறிவிடுவது அன்றைக்குச் சாதாரண வைத்தியம். பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற பவுடர்களில் பாதரசம் இருந்தது. கை கால் சிவந்து, வலியில் குழந்தைகள் துடித்த ஒரு நோய், அந்தப் பவுடர்களிலிருந்து பாதரசத்தை நீக்கியதும் ஏறக்குறைய மறைந்தே போனது. ஈறை மரத்துப்போக வைக்கத் தடவும் பென்சோகெயின் ஜெல்லும் இரண்டு வயதுக்குள் வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதை அது அரிதாகக் கெடுத்துவிடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது சிறுநீர்த் தொற்றுதான். சளி இருக்காது, இருமல் இருக்காது, வெறும் காய்ச்சல் மட்டும். வெளியில் எதுவும் தெரியாததால் பழி நேராகப் பல் மேல் விழுகிறது. தள்ளிப்போட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். அதனால் இப்படி வரும் குழந்தைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதாமல் அனுப்புவதில்லை.

வீட்டில் தொட்டுப் பார்த்துச் சூடு என்று முடிவு செய்யாமல் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல்தான், அதற்குப் பல் காரணமில்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு வாருங்கள். வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே ஆரம்பியுங்கள். சரி, ஈறு அரிப்பு மட்டும்தான் என்றால் குளிரவைத்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுங்கள், விரலால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள், அது போதும்.