சிக்காகோ காட்டுக்குள் ஒரு எச்சரிக்கைக் கல்

சிக்காகோ போகிறவர்கள் ஏரியையும் உயரமான கட்டடங்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். நகரத்துக்குத் தென்மேற்கே ரெட் கேட் வுட்ஸ் காட்டுக்குள் ஒரு கல் இருக்கிறது. பார்த்த படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் வயிற்றெரிச்சல். வாடகைக் காரில் போனேன். பேசிய தொகை போக, காத்திருந்ததற்கு என்று ஓட்டுநர் 60 டாலர் கூடுதலாகக் கேட்டார். வாக்குவாதம் செய்து 40 டாலருக்கு இறக்கினேன். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது! காத்திருப்புக் கட்டணத்தை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். காட்டுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, அதுவே ஆறுதல்.

சரி, கல்லுக்கு வருவோம். 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு சிக்காகோ பல்கலைக்கழக மைதானத்தில் உலகின் முதல் அணு உலையை இயக்கியது. அடுத்த ஆண்டே அதைப் பிரித்து இந்தக் காட்டில் மறுபடி கட்டினார்கள். பிறகு இங்கேயே புதைத்தும்விட்டார்கள். சற்றுத் தள்ளி, பிளாட் எம் என்ற இடத்தில் 1943 முதல் 1949 வரையிலான ஆய்வுக் கழிவுகள் கிடக்கின்றன. நடுவில் மைல்கல் மாதிரி ஒரு கல்: தோண்டாதீர்கள், கீழே கதிரியக்கப் பொருள் இருக்கிறது, வந்து பார்ப்பவர்களுக்கு ஆபத்தில்லை.

அவ்வளவுதான். ஆங்கிலம் மட்டும். 1978இல் வைத்த கல், அதற்குள் எழுத்துகளை யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். பார்த்ததும் கோபம் வந்தது.

இதே சிக்கலை இன்னொரு இடத்தில் பெரிதாக யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 655 மீட்டர் ஆழத்தில், உப்புப் பாறைக்குள், புளுட்டோனியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ராணுவக் கழிவைப் புதைக்கிறார்கள். அதில் ஒரு வகையான புளுட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். அங்கே 10,000 ஆண்டு தாங்கும் எச்சரிக்கை வேண்டும் என்று 1990களில் மொழியியலாளர்களையும் மானுடவியலாளர்களையும் கூட்டி யோசித்தார்கள். ராட்சத முள் தூண்கள், அலறும் முகங்கள், ஐநாவின் ஆறு மொழிகளோடு அங்குள்ள பழங்குடியினரின் நவாஹோ மொழியிலும் கல்வெட்டுகள் என்று யோசனைகள் வந்தன.

மொழிகள் சரி. முள் தூண்கள் வேண்டவே வேண்டாம் என்பேன். எச்சரிக்கைக் கல் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தானே நானே காசைக் கொட்டி இவ்வளவு தூரம் வந்தேன்? மிரட்டினால் கூட்டம் கூடும், பின்னாலேயே கடப்பாரையும் வரும். கீழே என்ன இருக்கிறது, அது உடம்பை என்ன செய்யும் என்று விளக்கமாக எழுதி, எழுத்து மங்கும்போதெல்லாம் புதுப்பிக்க ஆள் வைக்க வேண்டும். பிளாட் எம் கல்லுக்கு அதை இந்த வருடமே செய்யலாம்.

அப்புறம், தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். திரும்பி வரவும் வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.