முதல் சீட்டு எனக்கு வந்தது

லண்டனில் அசைலம், அதாவது அகதித் தஞ்சம், கேட்ட பிறகு எங்கள் ஆட்களிடமிருந்து எனக்கு முதலில் கிடைத்தது உதவி இல்லை, கேள்வி. "எந்த ஊர்? என்ன பிரச்சினை? அவர் எங்கே?" கடையிலும் கோயிலிலும் இதேதான். ஊர்ப் பெயரைச் சொன்னால் அன்றிரவே அங்கே செய்தி போய்விடும் என்ற பயத்தில் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவேன். வந்த காரணத்தை இங்கேயும் எழுதப்போவதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது.

குரொய்டனில் இருக்கும் உள்துறை அலுவலகமான லூனர் ஹவுஸில் 2023இல் பதிந்தோம். கைரேகை, படம், எந்த வழியாக வந்தீர்கள், ஏன் திரும்பிப் போக முடியாது என்ற சுருக்கமான விசாரணை. அப்புறம் ஒரு ஹோட்டல் அறை. எனக்கும் மகளுக்கும் மகனுக்கும் அந்த ஒரே அறைதான். சாப்பாடு அங்கேயே கிடைப்பதால் கைச்செலவுக்கு 2024இல் ஆளுக்குக் கிழமைக்கு 8.86 பவுண்ட். அசைலம் கேட்டவர்களுக்குக் கொடுக்கும் ஆஸ்பென் என்ற காசு அட்டையில் வரும். பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குவதென்றால் முதலில் பஸ் செலவை நிறுத்த வேண்டும்.

வேலை செய்ய அனுமதி இல்லை. ஒரு கடைக்காரர், "பின்னுக்கு நின்று மரக்கறி வெட்டுங்கோ, காசு கையில தாறன்" என்றார். இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் பிடிபட்டால் அவருக்கு அபராதம், எனக்குக் கேஸ் கெட்டுவிடும். மாட்டேன் என்றேன்.

நூலகத்தில் ஒரு அக்கா அறிமுகமானார். பிள்ளைகள் தமிழில் சண்டை பிடிப்பதைக் கேட்டுத்தான் பக்கத்தில் வந்தார். ஊரும் கேட்கவில்லை, கணவரைப் பற்றியும் கேட்கவில்லை. "கடிதம் ஏதாவது வந்து வாசிக்காமல் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது, ஒரு பை நிறைய. ஒரு கோப்பு வாங்கி வந்து திகதி வரிசையில் அடுக்கித் தந்தார். டொக்டரிடம் பதியப் போனபோது வரவேற்பில் விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் அக்கா கூட வந்தார். பதிவதற்கு அடையாள அட்டையோ விலாச அத்தாட்சியோ கட்டாயம் இல்லை என்ற என்.எச்.எஸ். (அரசாங்க மருத்துவ சேவை) வழிகாட்டலை போனில் எடுத்துக் காட்டினார். பதிந்தார்கள். பள்ளிக்கூட விண்ணப்பத்தைக் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூர் நகரசபைக்கு, அனுப்பியதும் அவர்தான். அசைலம் உதவிப்பணத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு இலவசம் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் ஆபத்தாக வந்தது கதை சொல்லிக் கொடுக்கிறவர்களின் அன்பு. பெரிய விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்ததும் ஆளாளுக்கு வந்தார்கள். "இதையும் சேர்த்துச் சொல்லு", "திகதி தெரியாட்டியும் ஒன்றைச் சொல்லு, தடுமாறக் கூடாது", "இன்னாருக்கு இப்படிச் சொல்லித்தான் கிடைத்தது." எல்லாருமே எனக்கு நல்லது நினைத்தவர்கள். ஆனால் முதல் நாள் பதிவில் சொன்னதையும் இப்போது சொல்வதையும் பக்கத்துப் பக்கம் வைத்துத்தான் பார்ப்பார்கள். இரவல் வாங்கிய ஒரு திகதி போதும், உண்மையாக நடந்ததையும் சந்தேகப்பட. என் லோயர் அம்மா சட்ட உதவியில் வந்தவர். "நடந்ததைச் சொல்லுங்கள். ஞாபகம் இல்லையென்றால் ஞாபகம் இல்லை என்று சொல்லுங்கள்" என்றார். அவர் பேச்சைத்தான் கேட்டேன். விசாரிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் பெண்களாக இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளருக்கு இலங்கைத் தமிழ் தெரிய வேண்டும் என்று அவர் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். அது நடந்தது.

அன்றைக்குப் பிள்ளைகளை அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். இதைவிடப் பெரிய உதவி யாரும் செய்யவில்லை என்பேன். மகளுக்குப் பதினொரு வயது. அவள் வெளியே காத்திருந்தால் உள்ளே என் வாய் திறந்திருக்காது. நான் திரும்பி வரும்போது இரண்டு பேரும் தோசை சாப்பிட்டுவிட்டு நித்திரை. "எப்படிப் போனது?" என்று அக்கா கேட்கவில்லை. எனக்கும் ஒரு தோசை சுட்டார்.

அகதி அந்தஸ்துடன் ஐந்து வருட விசா கிடைத்தது. அதற்குப் பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்போதைய விதிப்படி ஹோட்டலும் உதவிப்பணமும் 28 நாளில் நின்றுவிடும். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவித்தொகையின் முதல் காசு வரவோ ஐந்து கிழமை ஆகும். கணக்கு இடிக்கிறதா? முன்பணம் கேட்டு வாங்கலாம், ஆனால் அது கடன், பிறகு கழிப்பார்கள். விசாக் கடிதம் வந்த அன்றே கவுன்சிலில் வீடில்லாதவர் என்று விண்ணப்பிக்க வைத்தார் அக்கா. சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு முன்னுரிமை உண்டு என்பதால் ஒரு தற்காலிக அறை கிடைத்தது.

வாடகைக்கு வீடு பார்த்தபோது ஐந்து கிழமை வாடகை டெபொசிட், அதோடு முதல் மாத வாடகை. அவ்வளவு காசை நான் கண்டதே இல்லை. அக்காவும் சில பெண்களும் சீட்டுப் பிடிக்கிறவர்கள். முதல் சீட்டு வழக்கமாக நடத்துகிறவருக்குத்தான். நடத்தியவர் அக்காதான். தன் முறையை எனக்குத் தந்து, பிணையும் நின்றார். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறாத தூரத்தில் வீடு எடுக்க வேண்டும்.

எடுத்தோம், நடந்து போகிற தூரத்தில். இப்போது வேலைக்குப் போகிறேன். மாதம் பிறந்ததும் சீட்டுக் காசைத்தான் முதலில் எடுத்து வைக்கிறேன். முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது.