ஸ்கேனில் தெரியாத வலி

வயிற்று வலிக்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்களிடம் மருத்துவர் சொல்லும் "ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்ற செய்தி, வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்குள் "உனக்கு ஒன்றும் இல்லை" என்று ஆகிவிடுகிறது. இவை இரண்டும் ஒன்றல்ல என்பது, குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. இதை நோயாளிகளைவிட அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

ஆலங்குளத்தை அடுத்த ஓர் ஊரில் இருக்கும் என் சித்தி பீடி சுற்றுகிறார். கட்டுகளைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாளில், எத்தனையைக் கழித்துப் போடுவார்களோ என்ற நினைப்பு வந்ததுமே அவருக்கு அடிவயிறு முறுக்கத் தொடங்கும். குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய கிழமையிலும் அப்படியே. வெளிக்குப் போய் வந்தால் சற்றுக் குறையும், பிறகு மறுபடியும் வரும். தென்காசியிலும் பாளையங்கோட்டையிலும் காட்டியாகிவிட்டது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாவற்றிலும் குறை எதுவும் தெரியவில்லை. அதன் பிறகு அவர் வலி என்று வாய் திறந்தால், "சும்மா அதையே நெனச்சிக்கிட்டு கெடக்காதம்மா" என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் பாசமில்லாத பிள்ளைகள் அல்லர். காகிதத்தில் எழுதியிருந்ததை நம்பினார்கள், அவ்வளவுதான்.

குடலின் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு மண்டலம் இருக்கிறது. உணவுக்குழாயிலிருந்து மலவாய் வரை, தசை அடுக்குகளுக்கு இடையில் வலைபோல் பின்னியிருக்கும் அதில் 10 கோடிக்குக் குறையாத நரம்பணுக்கள் உள்ளன. 1899-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் குடலுக்கு வெளியிலிருந்து செல்லும் நரம்புகளையெல்லாம் துண்டித்த பிறகும், குடல் தன்னுள் இருக்கும் பொருளுக்கு மேற்புறம் சுருங்கியும் கீழ்ப்புறம் தளர்ந்தும் அதைக் கீழ்நோக்கித் தள்ளுவதைக் கண்டார்கள். மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளும் ஆற்றல் குடலுக்கு உண்டு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் குடல் தனித்து நிற்பதும் இல்லை. மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இரண்டையும் இணைக்கிறது. மூளை மேலிருந்து ஆணையிட, வயிறு கீழிருந்து கேட்டுக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்த நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. 2018-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர், எலிகளின் குடல் உட்சுவரில் உள்ள சில உணர்வணுக்கள் வேகஸ் நரம்போடு நேரடியாகவே இணைந்திருப்பதையும், சர்க்கரை பட்டதும் மில்லி நொடிகளில் அவை செய்தியை அனுப்பிவிடுவதையும் காட்டினார்கள். ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து மெல்லப் போய்ச் சேருவதுதான் ஒரே வழி என்று கருதப்பட்டு வந்த இடத்தில், இது பெரிய திருப்பம்.

சித்தியின் வலியை எனக்கு விளங்கவைத்தது 1973-இல் வெளியான ஓர் ஆய்வு. ரிச்சி என்ற ஆய்வாளர், பரிசோதனைகளில் குறை எதுவும் தெரியாமலே வயிற்று வலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் தொடரும் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் எனப்படும் ஐ.பி.எஸ். நோயாளிகளின் குடலுக்குள் ஒரு சிறு பலூனை வைத்துக் காற்றை ஏற்றிப் பார்த்தார். மற்றவர்களில் மிகச் சிலருக்கே வலி உண்டாக்கிய அதே அளவு காற்று, இந்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலித்தது. கோயில் கொடைக்கு மைக் செட் கட்டியிருக்கும்போது, மைக்குக்குப் பக்கத்தில் மெல்லப் பேசுவதும் ஊர்க்கோடி வரை கேட்பதைப் போன்றது இது. குடலின் சாதாரண அசைவும், கொஞ்சம் வாயுவும், அந்த நரம்பு வழியில் பெருகி வலியாகவே மூளையை எட்டுகின்றன. கவலை வந்தால் அந்தப் பெருக்கம் இன்னும் கூடுகிறது. ஸ்கேன் உறுப்பின் உருவத்தைத்தான் காட்டும். நரம்பு எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதைக் காட்டாது. ஆகவே ஸ்கேன் சரியாக இருப்பதும், வலி உண்மையாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

இந்த நோய் மனம் பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2000-ஆம் ஆண்டு கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் குடிநீர்க் குழாயில் கிருமி கலந்து, 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அன்று கடும் வயிற்றுப்போக்குக்கு ஆளானவர்களில் பலருக்கு எட்டு ஆண்டுகள் கழித்தும் ஐ.பி.எஸ். நீடித்தது தெரியவந்தது. முன்பே பதற்றமும் மனச்சோர்வும் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கிருமியும் மனமும் சேர்ந்தே அங்கு வேலை செய்திருக்கின்றன. சித்திக்கும் எல்லாம் தொடங்கியது ஒரு கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகுதான். ஆனால் அதை எந்த மருத்துவரிடமும் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, கேட்டவர்களும் இல்லை.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இந்த உறவை ஒரு வகையில் அறிந்தே இருந்தார்கள் என்று நான் நம்புகிறேன். பிள்ளை எதையோ கண்டு பயந்து, அன்றிரவே வயிற்றால் போகத் தொடங்கினால், மறுநாள் மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய்மார்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. ஓதி ஊதுவது நுண்ணுயிரைக் கொல்லாது. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுக்காமல் அதை மட்டும் நம்புவது ஆபத்து. ஆனால் பயத்துக்கும் வயிற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதையும், அமைதிப்படுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதையும் அந்தத் தாய்மார்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது மருந்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவர் சித்திக்கு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை மிகக் குறைந்த அளவில் எழுதிக்கொடுத்தார். மருந்துக் கடையில் இருந்தவர், "இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே, யாருக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். சித்தி அதை வாங்காமலே பஸ் ஏறிவிட்டார். இப்படி எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமை தீரவில்லை. அந்த மாத்திரை மனச்சோர்வுக்காக வந்தது உண்மைதான். ஆனால் 2023-இல் லான்செட் இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், மற்ற சிகிச்சைகளில் குணம் காணாத 463 ஐ.பி.எஸ். நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை அதைக் கொடுத்து, மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து, ஆறு மாதம் கவனித்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கு வயிற்றுத் தொல்லை தெளிவாகக் கூடுதலாகக் குறைந்தது. பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளந்த மதிப்பெண்களிலோ இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. அதாவது, மனநிலையை மாற்றி அதன் வழியாக வயிற்றைச் சரிசெய்யவில்லை அந்த மருந்து. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான வலி வழியிலேயே அது வேலை செய்கிறது என்று கருத இது இடம் தருகிறது. மருந்தில்லாத வழியும் உண்டு: 1984-இலேயே மான்செஸ்டரில் வோர்வெல் என்ற மருத்துவர், குடலை மையமாக வைத்த ஹிப்னாடிசச் சிகிச்சையால் கடுமையான ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு நல்ல குணம் கிடைப்பதை ஆய்வின் மூலம் காட்டினார்.

இதைப் படித்துவிட்டு எல்லா வயிற்று வலியையும் நரம்பின் தலையில் கட்டிவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்குப் பிறகு மலம் கழிப்பதில் புதிதாகத் தொடங்கிய மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முழுப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

குடல் நுண்ணுயிர்களைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள். 2004-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தினர், கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளை அடைத்து வைத்து நெருக்கடிக்கு உள்ளாக்கியபோது, அவற்றின் உடலில் நெருக்கடிக்கான ஹார்மோன்கள் அளவுக்கு மீறிச் சுரப்பதைக் கண்டார்கள். பிறந்த சில வாரங்களுக்குள் நுண்ணுயிரைக் கொடுத்தால் அது குறைந்தது, வளர்ந்த பிறகு கொடுத்தால் குறையவில்லை. 2011-இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் ஒரு வகை லாக்டோபாசிலஸைக் கொடுத்ததும் எலிகளின் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளில் அந்தப் பலன் மறைந்தது. அருமையான ஆய்வு அது. ஆனால் அதே நுண்ணுயிரை, உடல்நலமுள்ள 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்ட முடிவில், வெறும் மாத்திரையைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. எலியின் முடிவை மனிதருக்கு அப்படியே எடுத்துவர முடியாது என்பதை அந்தக் குழுவினரே வெளிப்படையாக எழுதினார்கள். 2019-இல் பெல்ஜியத்தில் 1,054 பேரிடம், மனச்சோர்வு உள்ளவர்களின் குடலில் சில நுண்ணுயிர்கள் குறைந்திருப்பது தெரிந்தது. ஆனால் மனம் சோர்ந்தவர் சரியாகச் சாப்பிடமாட்டார் என்பதால், எது காரணம், எது விளைவு என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது.

மனநிலையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் விஷயமும் இப்படித்தான். உடலின் செரட்டோனினில் 90 விழுக்காடு குடலில் இருக்கிறது என்பது உண்மை. அதைக் காட்டி "இதைச் சாப்பிட்டால் மூளையில் மகிழ்ச்சி சுரக்கும்" என்று விற்பவர்கள், குடலின் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை என்பதைச் சொல்வதில்லை.

பழைய சோற்றைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. இரவெல்லாம் நீரில் கிடக்கும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன என்பது சரி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்காக அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதும் எனக்கு மகிழ்ச்சியே. எனினும் குடலின் சுவரே புண்ணாகும் குடல் அழற்சி வேறு, ஐ.பி.எஸ். வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கும் ஒருவரிடம், மூளைக்கு நல்லது என்று எழுதிய விலையுயர்ந்த நுண்ணுயிர் மாத்திரை டப்பாவை வாங்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய சோற்று நீரான நீத்தண்ணி சித்திக்குப் பிடிக்கும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்கிறது, அதனால் காலையில் குடிக்கிறார். இப்போது வேறொரு மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடும் அந்த அமிட்ரிப்டிலின் மாத்திரையை, நீத்தண்ணியை நம்பித் தானாக நிறுத்திவிடக் கூடாது என்று மட்டும் அவரிடமும் அவர் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன்.