கூட்டுக் குடும்பத்துக்கு வீடு: காலை ஆறரை மணியிலிருந்து பிளான் போடுங்கள்

வீட்டு பிளான் போட உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் எண்ணுவது படுக்கையறைகளைத்தான். தாத்தா பாட்டிக்கு ஒன்று, மூத்த மகனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. நான்கு கட்டம் வரைந்தபின் மிச்சமிருக்கும் மூலைகளில் குளியலறையும் மாடிப்படியும் போய் ஒண்டிக்கொள்கின்றன. ஆனால் அறை இரண்டடி சின்னதாக இருந்தால் ஒரு குடும்பம் சமாளித்துக்கொள்ளும். தினமும் காலையில் கழிப்பறைக் கதவுக்கு வெளியே மூன்று பேர் நிற்பதை எத்தனை நாளைக்குச் சமாளிக்கும்?

40-க்கு 60 மனை, அதாவது ஒரு கிரவுண்ட். தரைத்தளம், முதல் மாடி. மூன்று தலைமுறை, எட்டுப் பேர். இதையே கணக்காக வைத்துக்கொள்வோம்.

ஆளுக்கு 20 நிமிடம் என்றால் எட்டுப் பேருக்கு 160 நிமிடம். எல்லோருக்கும் குளியலறை தேவைப்படுவது ஆறரையிலிருந்து ஏழே முக்கால் வரை, 75 நிமிடத்துக்குள். இரண்டு குளியலறை இருந்தால் 150 நிமிடம்தான் கிடைக்கும், பற்றாது. மூன்று வேண்டும். பெரியவர்கள் அறையோடு ஒன்று, மாடியில் ஒன்று, பொதுவில் ஒன்று. அந்தப் பொதுக் குளியலறையை ஒரே அறையாகக் கட்டாதீர்கள். 3-க்கு 5 அடியில் கழிப்பறை, 4-க்கு 5 அடியில் குளியலறை, வாஷ்பேசின் இரண்டுக்கும் வெளியே நடையில். கூடுதலாக ஆவது ஒரு நாலரை அங்குலச் சுவரும் ஒரு கதவும்தான். ஒரே நேரத்தில் ஒருவர் குளிக்கலாம், ஒருவர் கழிப்பறைக்குப் போகலாம், ஒரு பிள்ளை பல் தேய்க்கலாம்.

பெரியவர்கள் அறைக் குளியலறைதான் இந்த வீட்டிலேயே அதிகம் யோசித்துக் கட்ட வேண்டிய இடம். அந்த அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நடக்கும் பத்தடிப் பாதையை யாரும் வரைந்து பார்ப்பதில்லை. வரைந்து பாருங்கள். படுத்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டூ-வே சுவிட்ச், கழிப்பறைக்குப் போகும் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சின்ன இரவு விளக்கு. வழியில் மேசை முனையோ அலமாரிக் கதவோ குறுக்கே வரக்கூடாது.

குளியலறைக் கதவு முழுசாகத் திறந்தால் 3 அடி வழி கிடைக்க வேண்டும். நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தாலும் நுழையும். வழக்கமாக வைக்கும் இரண்டரை அடி நிலையில் கதவின் கனமும் கீலும் போக மிஞ்சுவது குறைவு. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். தள்ளினால் அவருக்குத்தான் வலி. வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருகித் திறக்கும் தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் அறைக்குள் வந்துவிடும் என்று கொத்தனார் குளியலறைத் தரையை இரண்டு அங்குலம் இறக்கிவிடுவார். பழக்கம் அது. அந்த இரண்டு அங்குலத்தில்தான் கால் இடறும். அரை அங்குலம் போதும், அதையும் சாய்வான கிரானைட் பட்டையாகச் செய்யச் சொல்லுங்கள். கழிப்பறைப் பீங்கான் கதவுப் பக்கம் இருக்கட்டும், குளிக்கும் இடம் கோடியில். தரைச் சாய்வு கோடியை நோக்கி, 5 அடிக்கு 1 அங்குலம். கதவோரம் ஈரமாகாமல் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும். டைல்ஸ் சொரசொரப்பானதாக இருக்கட்டும்.

பிடிகம்பியை டைல்ஸ் ஒட்டியபின் யோசிக்கிறார்கள். அப்போது யோசித்துப் பயனில்லை. துண்டு போடும் கம்பி ஒரு ஆளின் எடையைத் தாங்காது. ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட் போட்டால் அந்த எடைக்குப் பிடிப்பு போதாது. எந்த இடத்தில் கம்பி வரப்போகிறது என்று சுவர் எழும்பும்போதே குறித்து, அந்த பிளாக்குகளின் ஓட்டையில் கான்கிரீட் நிரப்பிவிட வேண்டும். கழிப்பறை பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, இரண்டும் தரையிலிருந்து சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில். வெஸ்டர்ன் பீங்கானின் உட்காரும் உயரம் 18 அங்குலம்.

இன்னொன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் ஷவரில் குளிப்பவர்கள் இல்லை. பக்கெட்டும் மக்கும்தான். உட்காருவதற்கு 17 அங்குல உயரத்தில் கிரானைட் திண்டு ஒன்று, அதன் பக்கத்திலேயே பக்கெட் வைக்க ஓரடி உயரத்தில் ஒரு மேடை, அதற்கு மேல் குழாய். குனியாமல் மொண்டு ஊற்றலாம். இருநூறு செங்கல்கூட ஆகாத வேலை இது. முதுகு வலிக்கும் பாட்டிக்கு இதைவிட உதவியான ஒன்றை அந்த வீட்டில் நீங்கள் கட்டப்போவதில்லை.

தண்ணீருக்கு வருவோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. எட்டுப் பேருக்கு 1,080. விருந்தாளியையும் மின்வெட்டையும் சேர்த்தால் 1,000 லிட்டர் தொட்டி இரண்டு. ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் சமையலுக்கான நல்ல தண்ணீர் என்று பிரித்து வைப்பது நல்லது. தொட்டியை மொட்டைமாடித் தளத்தின்மேல் அப்படியே உட்கார வைத்தால் மாடி ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் உயர வித்தியாசம் நான்கடிகூட வராது. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும், எனவே ஷவரில் தண்ணீர் சொட்டும். மாடிப்படிக்கு மேலுள்ள அறையின் தளத்தில் வைத்தால் இன்னும் எட்டடி கிடைக்கும். நிரம்பிய தொட்டிகள் இரண்டும் சேர்ந்து இரண்டு டன்னுக்கு மேல் எடை என்பதை இன்ஜினியரிடம் முன்பே சொல்லி அடியில் பீம் போட வையுங்கள்.

கீழே குழாய் திறந்தால் மேலே நின்றுபோவது ஏன்? இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரு அங்குலத்தில் ஒரே பைப் இறக்கியிருப்பார்கள். கீழ்த்தளத்துக்குத் தனி, மாடிக்குத் தனி, தொட்டியிலிருந்தே பிரித்து ஒன்றரை அங்குலத்தில் இறக்க வேண்டும். கிளைகள் முக்கால், குழாயருகில் அரை. தொட்டி வால்வை அடுத்து ஒவ்வொரு பைப்பிலும் தொட்டியின் தலையைவிட உயரமாக ஒரு காற்றுக்குழாய் விட்டால் காற்று அடைக்காது. ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு இருந்தால், ஒரு குழாய் ஒழுகும்போது வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டாம். குளியலறைமேல் குளியலறை வரட்டும். சமையலறைமேலும் பூஜையறைமேலும் வேண்டாம். மாடிக் குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்து அடியில் கசிகிறதா என்று பாருங்கள். டைல்ஸை ஒட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். விடாதீர்கள்.

அதே ஆறரை மணிக்கு கீசர் மூன்றும் ஓடும். தலா 2 கிலோவாட், இண்டக்ஷன் அடுப்பு 2, மோட்டார் முக்கால், கிட்டத்தட்ட 8.75 கிலோவாட். ஒற்றை ஃபேஸில் இது 38 ஆம்பியர். மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கி ஒவ்வொரு கீசருக்கும் ஒரு ஃபேஸ் என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கீசருக்கும் தனி எம்சிபி (மின்சுமை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 4 சதுர மில்லிமீட்டர் வயர்.

சமையலறையில் மாமியாரும் இரண்டு மருமகள்களும் ஒரே நேரத்தில் நிற்கப்போகிறார்கள். எதிரெதிர் மேடைகள் என்றால் நடுவில் 4 அடி விடுங்கள். மூன்றடியில் ஒருவர் அடுப்பில் நின்றால் இன்னொருவர் சூடான குக்கரோடு தாண்ட முடியாது. மேடையின் உயரம் முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஐந்தடி மாமியாருக்கும் ஐந்தரை அடி மருமகளுக்கும் ஒரே உயரம் ஒத்துவராது. உயரமாக ஒரு மேடை, தாழ்வாக ஒரு மேடை என்று இரண்டாகச் செய்யலாம். வெட் கிரைண்டருக்கு ஒன்றரை அடி உயரத்தில் நிரந்தர இடம், மேலே குழாய், பக்கத்தில் தரை வடிகால். பத்து கிலோவுக்கு மேலான பொருளை மேடைக்கும் அலமாரிக்கும் தூக்கி இறக்கினால் இடுப்பு போய்விடும்.

மாடியில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு குட்டி மேடையும் சிங்க்கும் போடுங்கள், குழந்தைக்குப் பால் காய்ச்ச, ராத்திரி காபி போட. இதைச் சொன்னால் பெரியவர்கள் முகம் வாடும், இப்போதே தனி உலையா என்று. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் வேறு வைப்பார்கள். அவர்களுக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. முற்றமும் விசேஷமும் பொது. அப்படித்தான் அந்தப் பெரிய வீடுகளில் பல குடும்பங்கள் ஒன்றாக இருந்தன. இன்று முழுச் சமையலறை வேண்டாம் என்றாலும் தண்ணீர் பைப்பையும் கழிவு பைப்பையும் இழுத்து மூடி வைத்துவிடுங்கள்.

மாடிப்படி வாசலை ஒட்டி ஏறினால் இரவு தாமதமாக வரும் மகன் ஹாலில் படுத்திருப்பவரைத் தாண்ட வேண்டாம். படி உயரம் 6 அங்குலம், அகலம் 11. தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்றால் 21 படி வரும். இடத்தை மிச்சப்படுத்த ஏழரை அங்குலமாக்கி 17 படியில் முடிப்பார்கள், முட்டி வலிக்காரர் அதன்பின் மாடிக்கே வரமாட்டார். படிக்குப் பக்கத்தில் 5-க்கு 5 அடியில் இரண்டு தளத்திலும் நேருக்கு நேராக ஸ்டோர் ரூம் வைத்து நாலு பக்கமும் பீம் போட்டால், பின்னால் அந்தத் தளத்தை வெட்டி லிஃப்ட் வைக்கலாம்.

இரண்டு தம்பதியர் அறைகளுக்கு நடுவே 9 அங்குலச் சுவரும் அதன் இருபுறமும் அலமாரியும் வரட்டும். கட்டில் தலைமாட்டை அந்தச் சுவரில் வைக்க வேண்டாம். கதவுக்கு மேல் வென்டிலேட்டர் வைத்தால் சுவர் எவ்வளவு கனமாக இருந்தும் பேச்சு முழுக்க வெளியே கேட்கும்.

பூசுவேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரின் மேலும் டேப்பை விரித்துப் பிடித்து, பைப்பும் வயரும் ஓடும் இடம் தெரிய போட்டோ எடுங்கள். அறைப் பெயரைச் சாக்பீஸால் சுவரிலேயே எழுதிவிட்டு எடுங்கள். பிரிண்ட் போட்டு மெயின் போர்டு பெட்டிக்குள் ஒரு செட் வையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் பிடிகம்பிக்கு ஓட்டை போட வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.