நாலு செகண்ட்

அந்த ரேடியோ ப்ரோமோவில் ஒரு பொய்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். யாரிடம் எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் போய் ஒதுங்குகிறேன்.

மொத்தம் முப்பது செகண்ட். என் குரல். "1985, ஜனவரி 28. லாஸ் ஏஞ்சல்ஸ். எத்தியோப்பியாவுல பட்டினி கிடக்குற குழந்தைங்களுக்காக அமெரிக்காவோட பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் ஒரே ரூம்ல. பாட்டு எழுதினவங்கள்ல ஒருத்தர் மைக்கேல் ஜாக்சன். பிரின்ஸ்? அவரு பார்ட்டிக்குப் போயிட்டாரு! மைக்கேலா, பிரின்ஸா? உங்க வோட்டு யாருக்கு?" அப்புறம் எஸ்.எம்.எஸ். எண், நிகழ்ச்சி நேரம், ஜிங்கிள்.

வெட்டி ஒட்டிப் பார்த்தபோது இருபத்தாறிலேயே முடிந்துவிட்டது. சவுண்ட் இன்ஜினியர் அண்ணன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, நாலு செகண்ட் மிச்சம் இருக்கு. அந்தாளு தனியா ஒரு பாட்டு குடுத்தாருல்ல, அதையும் சொல்லிரலாமா?"

"அதச் சொன்னா அப்புறம் போட்டி எங்கண்ணே இருக்கு? நம்பரை ரெண்டாந்தரம் போட்ருங்க."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. முகம் சுளிக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு மறந்திருப்பேன்.

அண்ணன் எங்கள் ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்னால் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் டிடிகே கேசட்டில் பதிந்து தருவார்களே, அந்த மாதிரி. ஆங்கிலப் பாட்டு கேட்டு வரும் காலேஜ் பையன்களுக்காகவே தனி அலமாரி வைத்திருந்தாராம். அதனால் அவருக்குத் தெரிந்திருந்தது. பிரின்ஸ் அந்த ராத்திரி போகவில்லை. ஆனால் அதே 'வி ஆர் த வேர்ல்ட்' நிவாரண ஆல்பத்துக்கு 'ஃபோர் த டியர்ஸ் இன் யுவர் ஐஸ்' என்று தனியாக ஒரு பாட்டு கொடுத்தார். அந்த ஆல்பத்திலேயே இருக்கிறது.

எனக்கும் தெரியும். தெரியாமல் விட்டிருந்தால் இதை எழுதவே மாட்டேன். என் குறிப்பு நோட்டில் அந்தப் பாட்டின் பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தேன்.

போட்டி நான் கண்டுபிடித்ததா என்ன? எண்பதுகள் ஆங்கில பாப் பற்றி வாராவாரம் ஒரு தொடர் செய்யலாம் என்று போனபோது ப்ரோக்ராமிங் ஹெட் கேட்ட முதல் கேள்வி, "இதுல ரஜினி-கமல் யாரு?" என்பதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் வானொலியில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆங்கிலப் பாட்டு போட அனுமதி வாங்க வேண்டுமானால் ஏதாவது ஒரு கொக்கி வேண்டும். மைக்கேலும் பிரின்ஸும் கொக்கி மாட்டவென்றே பிறந்தவர்கள் போல இருந்தார்கள். இருவரும் 1958-இல் பிறந்தவர்கள், பிரின்ஸ் ஜூனில், மைக்கேல் ஆகஸ்டில். (மடோனாவும் அதே ஆகஸ்ட். அந்த வருஷம் அமெரிக்கத் தண்ணீரில் என்ன கலந்திருந்தது என்று, பாட்டுக்கு நடுவில் பேசும் ஒரு லிங்க்கில் கேட்டேன், நல்ல ரெஸ்பான்ஸ்.) மைக்கேலின் 'த்ரில்லர்' அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 37 வாரம் முதலிடத்தில் இருந்தது. பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' வந்து ஒரே மூச்சாக 24 வாரம் இருந்தது. 1983-இல் ஜேம்ஸ் பிரவுனின் கச்சேரியில் மைக்கேல் மேடையேறி ஆடிவிட்டு இறங்க, அடுத்து பிரின்ஸ் மேடையேறி, கிளம்பும்போது செட்டில் இருந்த விளக்குக் கம்பத்தில் சாய்ந்தார். அது கூட்டத்துக்குள் சரிந்தது. மைக்கேலின் 'பேட்' பாட்டை இருவரும் சேர்ந்து பாடுவதாகப் பேச்சு நடந்தது. எதிராளியை மிரட்டும் அதன் முதல் வரியை யார் யாரைப் பார்த்துப் பாடுவது என்று கேட்டு பிரின்ஸ் விலகிய கதையை அவரே பின்னாளில் டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னார். இத்தனையும் தட்டில் வைத்து நீட்டியிருக்க, நான் என்ன புதிதாகச் சமைத்தேன்?

ஆனால் அதே நோட்டில் வேறு சிலதும் இருந்தன.

1983 வரைக்கும் அமெரிக்கப் பாட்டுச் சேனலான எம்டிவி கறுப்பினப் பாடகர்களை அநேகமாகக் காட்டவே இல்லை. 'பில்லி ஜீன்' போட வைப்பதற்கு மைக்கேலின் கம்பெனி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கதவு அவ்வளவு ஒடுக்கமாக இருக்கும்போதுதான் யார் முதலில் நுழைந்தது என்ற பேச்சு வரும். இதை ஒன்பதாவது வாரத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். ஒன்பதாவது வாரம் வரவேயில்லை.

மைக்கேலை ஊர் திட்டிய கதையும் அதிலேயே இருந்தது. 1984 விக்டரி டூர். டிக்கெட் ஒன்று 30 டாலர். ஆனால் ஒன்றாக வாங்க முடியாது, நாலாகத்தான் வாங்க வேண்டும். 120 டாலருக்கு மணியார்டர் எடுத்து அனுப்பிவிட்டு, டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்க வேண்டும். டெக்சாஸில் பதினோரு வயசுப் பெண் ஒருத்தி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள், தன்னைப் போன்றவர்கள் எங்கே போவது என்று. கச்சேரி தொடங்குவதற்கு முந்தின நாள் மைக்கேல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்த முறையை மாற்றுவதாகவும் தனக்கு வரும் பங்கு முழுவதையும் தானமாகக் கொடுப்பதாகவும் அறிவித்தார். அதாவது, பசித்த குழந்தைகளுக்காகப் பாடிய அந்த ராத்திரிக்கு ஆறேழு மாசம் முன்னால் 'பேராசைக்காரன்' பட்டம் மைக்கேல் தலையில் இருந்தது. பட்டம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறியது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லியிருந்தால் தொடர் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வோட்டு குழம்பியிருக்கும்.

வோட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. அது தமிழ்நாட்டில் தேர்தல் நேரம், 2016 ஏப்ரல். கட்சி விளம்பர ஸ்பாட்டுகளுக்கு நடுவில் எங்கள் ப்ரோமோ ஓடும். வந்த மெசேஜ்களில் பாதி 'இளையராஜா' என்று இருந்தது. மீதியில் மைக்கேல்தான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். வாராவாரம் "கடும் போட்டி" என்று அறிவித்தேன். இதைப் பொய் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ப்ரோமோவில் இல்லை, நிகழ்ச்சியில்.

ஏப்ரல் 21, வியாழக்கிழமை. நம்மூர் நேரம் பத்தரை வாக்கில் போனில் முதலில் வந்தது. மினசோட்டாவில் தன் வீட்டு ஸ்டுடியோவில் பிரின்ஸ் இறந்துவிட்டார். நான் கன்சோலில் தனியாக இருந்தேன். ஹெட்டுக்கு போன் போட்டால், "நியூஸ் சொல்ல நமக்கு லைசன்ஸ் கிடையாது, ஆபீஷியலா தெரியட்டும், நீ பாட்டு போடு" என்றார். தனியார் எஃப்.எம்.மில் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது உண்மைதான். ஒரு பாடகரின் மரணம் அதில் வருமா என்று வாதாட அது நேரமில்லை. 'பர்ப்பிள் ரெயின்' லைப்ரரியில் எந்தப் பெயரில் கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒலிபரப்பு வரிசையைக் காட்டும் லாகில் அடுத்தடுத்து இருந்தன: இரண்டு கட்சி ஸ்பாட், ஒரு நகைக்கடை, அப்புறம் எங்கள் ப்ரோமோ.

அது வரிசையில் நிற்பதைப் பார்த்தேனா?

பார்க்கவில்லை என்று மறுநாள் மீட்டிங்கில் சொன்னேன். அதுதான் இத்தனை வருஷமாக நான் சொல்லி வரும் பதில். திரை என் முன்னால்தான் இருந்தது. ஒரு கிளிக்கில் தூக்கியிருக்கலாம். ஸ்பாட் விட்டுப்போனால் விளம்பர நேரம் ஒதுக்கும் டிராபிக் டிபார்ட்மென்ட் கத்துவார்கள், ப்ரோமோ விட்டுப்போனால் யாரும் கேட்க மாட்டார்கள். கண் அதன் மேல் பட்டது, கை தேடலிலேயே இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அல்லது, இறந்த செய்தி வந்த ராத்திரியில் அந்தப் பெயர் காதில் விழுந்தால் ஜனங்கள் ரேடியோவை மாற்ற மாட்டார்கள் என்று ஒரு மூலையில் தோன்றியதா? ஆர்.ஜே. புத்தி அப்படியும் போகும். எனக்கே தெரியவில்லை என்று எழுதினால் தப்பித்துக்கொள்வது போல இருக்கிறது.

ப்ரோமோ ஓடியது. "பிரின்ஸ்? அவரு பார்ட்டிக்குப் போயிட்டாரு!"

போன் வர ஆரம்பித்தது. பெரிய எண்ணிக்கை என்று சொல்ல மாட்டேன். இந்த ஊரில் அந்த நேரத்தில் பிரின்ஸுக்காகக் கோபப்பட எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? ஆனால் கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் அழுதவர்கள். ஒருவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "சார், அவரு எதுக்குப் போகலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

1985-இல் பிரின்ஸுக்குக் கிடைத்தது இதைவிட எத்தனையோ மடங்கு. அன்று மாலை அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸில் மூன்று விருது வாங்கியவர், ரெக்கார்டிங்குக்கு வராமல் சன்செட் பக்கம் ஒரு ரெஸ்டாரன்டுக்குப் போனார். வெளியே போட்டோ எடுக்க வந்தவர்களோடு தகராறாகி, அவருடைய மெய்க்காப்பாளர்கள் கைதானார்கள். காலையில் பேப்பரில் ஒரு பக்கம் விடிய விடியப் பாடியவர்கள், இன்னொரு பக்கம் இவர். டிவி காமெடியில் வைத்துக் கிழித்தார்கள். அவர் பதிலுக்கு 'ஹலோ' என்று ஒரு பாட்டு எழுதி, ஒரு சிங்கிளின் பி சைடில் போட்டார். பி சைடில் சொன்ன பதிலை யார் கேட்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மீட்டிங்கில் ஹெட் கேட்டது, "இந்த ப்ரோமோ யாரு பண்ணது?" என்று. 'பண்ணது' என்றால் எங்கள் ஸ்டேஷனில் மிக்ஸ் செய்தவர் என்று அர்த்தம். அண்ணன் "நான்தான் சார்" என்றார். எழுதியது நான் என்று உடனே சொன்னேன். அந்த அளவுக்கு யோக்கியன். நாலு செகண்ட் பற்றிச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்காகச் சொல்லாமல் விட்டாரா, சொல்லுமளவுக்கு அது அவருக்கு ஒரு விஷயமே இல்லையா என்று அன்று கேட்டிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி இரண்டு மணி நேர அஞ்சலி நிகழ்ச்சி செய்தேன். என் வேலையிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதில் நிதானமாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: அந்த ராத்திரிக்கு அவர் வரவில்லை, ஆனால் சத்தமில்லாமல் ஒரு பாட்டைக் கொடுத்தார். சொல்லிவிட்டு அந்தப் பாட்டையே போட்டேன். அந்த நாட்களில்தான் அமெரிக்காவில் பிரின்ஸின் நண்பர் வான் ஜோன்ஸ் போன்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள், பிரின்ஸ் வெளியே பெயர் வராமல் எத்தனை காரியங்களுக்குப் பணம் கொடுத்தார் என்று. அவருடைய மதநம்பிக்கைப்படி அதை வெளியில் சொல்லிக்கொள்ளக் கூடாதாம். மறு ஒலிபரப்பில் அதையும் சேர்த்துக்கொண்டேன். மறுத்த வரியை வைத்தே கைதட்டல் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. தப்பைச் சரிசெய்துவிட்டேன் என்றுதான் இருந்தது. எடிட்டுக்கு உட்கார்ந்தபோது அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஃபேட் அவுட் எவ்ளோ வேணும்?"

ஆகஸ்டில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அஞ்சலி நிகழ்ச்சியைக் குறிப்பிட்டே கடிதம் கொடுத்தார்கள். அண்ணனின் கான்ட்ராக்ட் அடுத்த வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. மூன்று ஊர் ஸ்டேஷனுக்கும் ஒரே இடத்தில் ப்ரொடக்‌ஷன் என்று முடிவானதில் பலர் போனார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நிஜமாகவே இல்லை. இருந்தாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் எழுத வருகிறது.

2024-இல் அந்த ராத்திரியைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. அதில், மைக்கேலோடு சேர்ந்து அந்தப் பாட்டை எழுதிய லயனல் ரிச்சி சொல்கிறார், பிரின்ஸ் போனில் பேசினாராம், தனி அறையில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துத் தருகிறேன் என்றாராம். முடியாது, எல்லாரும் ஒரே அறையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். பிரின்ஸோடு வாசித்த டிரம்மர் ஷீலா ஈ.யும் பேசுகிறார்: தன்னைக் கூப்பிட்டதே பிரின்ஸை வரவழைக்கத்தான் என்று அன்று அவருக்குப் பட்டதாம். பிரின்ஸுக்கு வைத்திருந்த வரியைப் பாடகர் ஹ்யூயி லூயிஸ் பாடினார், நன்றாகவே பாடினார். வாசலில், பாட்டைத் தயாரித்த குயின்சி ஜோன்ஸ் ஒட்டிய தாள், அகந்தையை வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்று. தனி அறை கேட்டது அகந்தையா, கூச்சமா? எதுவாக இருந்தாலும் ப்ரோமோவில் அதை எங்கே வைப்பது. முப்பது செகண்டில் ஒருவர் வந்தார், ஒருவர் வரவில்லை என்றுதான் சொல்ல முடியும். இன்றைக்கு அதே வேலையை என்னிடம் கொடுத்தால் ஏறக்குறைய அதையேதான் எழுதுவேன். இதை ஜூனியர்களிடம் சொல்வதில்லை. அவர்களிடம் "கடைசி வரியில் நியாயமாக இருங்கள்" என்கிறேன்.

போன மாதம் பழைய ஹார்டு டிஸ்க்கில் அந்த ஃபைல் கிடைத்தது. 'எம்ஜே பிரின்ஸ் ப்ரோமோ ஃபைனல் 2'. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, "ஆனா அதே ஆல்பத்துக்கு ஒரு பாட்டு குடுத்தாரு" என்று என் ப்ரோமோ வேகத்தில் சொல்லிப் பார்த்தேன். மூன்று செகண்டுக்குள் வந்துவிடுகிறது. எஸ்.எம்.எஸ். எண்ணை இரண்டாம் தரம் சொல்லத்தான் நாலு செகண்ட் பத்தவில்லை. கூர்ந்து கேட்டால் அந்த இடத்தில் மட்டும் என் குரல் லேசாகக் கீச்சிடுகிறது. பொருந்த வேண்டும் என்பதற்காக அண்ணன் அதைக் கொஞ்சம் வேகம் கூட்டி வைத்திருக்கிறார்.