சிறுநீரக செல் சமிக்ஞைத் தாள்: பிஐபி2-வைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ்! பயந்துகொண்டிருந்த செல் சமிக்ஞைத் தாளில்தான் எனக்கு அதிக மதிப்பெண். இதே தாளை எழுதப்போகிற உங்களுக்குத் தாளின் அமைப்பு தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏற்பி தூண்டும் ஜிகியூ புரதம், அது இயக்கும் பாஸ்போலைபேஸ் சி என்ற நொதி, அந்த நொதி பிஐபி2-வை (செல் சவ்வில் உள்ள பாஸ்பேட் ஏறிய ஒரு கொழுப்பு) உடைத்தால் ஐபி3, டிஏஜி என்ற இரண்டு சமிக்ஞை மூலக்கூறுகள்: இந்தச் சங்கிலியை எல்லோரும் தலைகீழாகச் சொல்வார்கள். ஆனால் சிறுநீரகக் கேள்விகளில் பாதி, உடைந்து வந்ததைப் பற்றியவை அல்ல, குறைந்துபோன பிஐபி2-வைப் பற்றியவை. என்னைக் கேட்டால் இந்தத் தாளில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை.

எங்களுக்கு வந்த கேள்வி: சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளத்தில் செல்லுக்கு வெளியே ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) கூடினால் சோடியம் உறிஞ்சுவது ஏன் குறைகிறது? சோடியத்தை செல்லுக்குள் விடும் ஈனாக் சேனல் திறந்திருக்க, சவ்வின் உள்ளடுக்கில் உள்ள பிஐபி2 அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஏடிபி பி2ஒய்2 ஏற்பியைத் தட்டினால் பாஸ்போலைபேஸ் சி அந்த பிஐபி2-வை வெட்டிவிடும். பிடிமானம் போனதும் சேனல் மூடிக்கொள்ளும். ஐபி3 செல்லுக்குள் கூட்டும் கால்சியத்தைச் சொல்லி அதிலேயே நின்றுவிட்டால் பாதி மதிப்பெண்தான்.

அப்புறம் பிஐபி2-வின் தலைப்பகுதியான இனோசிடால் வளையம், அதில் எந்த எண்ணில் பாஸ்பேட் இருக்கிறது என்பது. எனக்குப் பட்டியலாகப் படித்தால் ஏறாது, வரைந்தால்தான் நிற்கும். விடைத்தாளின் ஓரத்தில் அறுகோணம் போட்டு 3, 4, 5 என்று எண் எழுதிவிட்டுத்தான் பதிலையே தொடங்குவேன்.

- 3-இல் பாஸ்பேட் சேர்ப்பது பிஐ3 கைனேஸ் நொதி. பிஐபி2 பிஐபி3 ஆகும். திரும்ப எடுப்பது பிடென் நொதி.
- 5-இல் எடுப்பது ஓசிஆர்எல் நொதி. அது பழுதானால் லோ சின்ட்ரோம் என்ற பரம்பரை நோய். பிஐபி2 தேங்கும், அண்மை நுண்குழலில் (சிறுநீரக நுண்குழலின் முதல் பகுதி) புரதங்களைப் பிடித்து மீட்கும் மெகாலின் ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்புவது தடுமாறும், சிறிய புரதங்கள் சிறுநீரில் ஒழுகும்.
- குழாயின் உட்சுவரான எபிதீலிய செல்லில் மேல்முகம் பிஐபி2, அடிமுகமும் பக்கங்களும் பிஐபி3. இது மாறினால் செல்லுக்கு மேல் கீழ் தெரியாது.

சிறுநீரக வடிகட்டியின் செல்லான போடோசைட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். டிஏஜி அங்கே கால்சியத்தை உள்ளே விடும் டிஆர்பிசி6 சேனலைத் திறக்கிறது. அந்த மரபணுவின் பிறழ்வு வடிகட்டிகளில் தழும்பு விழும் குடும்ப வழி எஃப்எஸ்ஜிஎஸ் நோயோடு தொடர்புடையது என்று 2005-இல் தெரியவந்தது. அந்தச் செல்லின் போடோசின் புரதம் கொலஸ்ட்ராலைப் பிடித்து அதே சேனலைக் கட்டுப்படுத்துவதையும் சேர்த்து எழுதினால், கொழுப்பு என்பது வெறும் சுவர் இல்லை என்று காட்டிவிடலாம். சவ்வுக் கொழுப்பிலிருந்தே உருவாகும் புராஸ்டாகிளாண்டின் பகுதிக்கு ஒரு மாலை போதும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னிடம் கேட்டது, சிறுநீரகத்தின் பொட்டாசியம் சேனலான ரோம்கே பற்றி: சவ்வைத் துண்டாக எடுத்துப் பதிவு செய்தால் பொட்டாசியம் மின்னோட்டம் ஏன் மெல்ல மெல்ல அடங்குகிறது, எப்படி மீட்பீர்கள்? துண்டில் இருக்கும் பிஐபி2 குறைந்துகொண்டே போகிறது, உள்பக்கத்தில் பிஐபி2 சேர்த்தால் மின்னோட்டம் திரும்பிவிடும் என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.